பழைய மேசைக்கணினியும் இணையவழி வங்கிச் சேவையும்

நம் வாடிக்கையாளர்கள் பலருடைய இல்லங்களிலும் கடைகளிலும் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக்கணினி ஒன்று இன்றும் இருக்கிறது. பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின் துணி போர்த்தி மூலையில் ஒதுக்கப்பட்ட நிலையில் சில வீடுகளில் காணலாம். கடைக் கணக்கு முழுவதும் அதிலேயே அடங்கியிருப்பதால் நாள்தோறும் உழைத்துவருவதையும் வேறு சில இடங்களில் காணலாம். கைப்பேசியின் சிறு திரையில் கணக்கு அறிக்கையைப் படிக்க இயலாத மூத்த குடிமக்கள், பெரிய திரையும் அழுத்தினால் விரலுக்குத் தெரியும் விசைப்பலகையும் வேண்டுமென்று பழைய கணினியைத் தூசி தட்ட விரும்புவது இயல்பே.

அவ்வாறு விரும்புவோர்முன் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. அந்தக் கணினி மீண்டும் இயங்குமா? இயங்கினால், அதில் வங்கிக் கணக்கைத் திறக்கலாமா? முதற்கேள்விக்குப் பெரும்பாலும் ‘இயங்கும்’ என்றே விடை கூறலாம். இரண்டாவது கேள்விக்குரிய விடை சில நிபந்தனைகளுக்கு உட்பட்டது. பலர் முதற்கேள்விக்கு விடை கிடைத்தவுடன் இரண்டாவதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதால் இக்கட்டுரை இரண்டையும் சேர்த்தே பேசுகிறது.

மின்சாரத்திலிருந்து தொடங்குக

நெடுநாள் கிடப்பில் இருந்த கணினியை எடுத்தவுடன் மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். முதலில் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே பார்ப்பது நலம். நம் நாட்டு வீடுகளில் எறும்பும் கரப்பானும் பல்லியும் கணினிப் பெட்டியை விரும்பிக் குடியேறும் இடமாகவே கொண்டுள்ளன. மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியை அகற்றலாம். காற்றூதியைப் பயன்படுத்தினால் மின்விசிறியின் இறக்கை சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரத்துணி உள்ளே படவே கூடாது. தாய்ப்பலகையில் நிற்கும் சிறு உருளைகளான மின்தேக்கிகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும்; அவை உப்பியிருந்தாலோ பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலோ அத்துடன் நிறுத்தி, பழுது பார்ப்பவரிடம் காட்டுவதே முறை.

பெட்டியின் பின்புறம், மின்கம்பி செருகும் இடத்துக்கு அருகே, பழைய எஸ்.எம்.பி.எஸ். சிலவற்றில் சிவப்பு நிறத்தில் ஒரு சிறு நழுவு சுவிட்சு இருக்கும். அதில் 115 என்றும் 230 என்றும் இரு நிலைகள் உண்டு. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட்டு. துடைக்கும்போது அந்தச் சுவிட்சு நகர்ந்து 115-இல் நின்றுவிட்டால், மின்சாரம் கொடுத்த நொடியில் வெடியோசையுடன் எஸ்.எம்.பி.எஸ். எரிந்துபோகும். ஆகவே 230 என்ற எண் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்க வேண்டா. மின்கம்பியை எடுத்துவிட்ட பின்னும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

அடுத்தது நிலத்தொடர்பு, அதாவது எர்த் இணைப்பு. கணினிப் பெட்டியைத் தொடும்போது விரலில் மெல்லிய கூச்சம் உண்டாவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் வடிகட்டிகளின் வழியே மிகச் சிறிய அளவு மின்னோட்டம் பெட்டியின் உலோகத்துக்கு வந்துகொண்டே இருக்கும். எர்த் கம்பி சரியாக இருந்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். இல்லையேல் தொடுபவரின் கை வழியாகவும், புதிதாகச் செருகப்படும் யூ.எஸ்.பி. கருவியின் வழியாகவும் பாயும். இரண்டு முனைச் செருகியை இடையில் பொருத்தி மூன்றாவது முனையை ஒதுக்கிவிடும் பழக்கம் கணினியைப் பொறுத்தவரை தவறானது. இதற்கு அழைக்க வேண்டியவர் கணினி பழுது பார்ப்பவர் அல்லர், மின்பணியாளர்.

யூ.பி.எஸ். கருவியின் மின்கலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வீடுகளில் உள்ள சிறிய யூ.பி.எஸ்.-இல் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட்டு ஈய அமில மின்கலம். இரண்டு மூன்று ஆண்டுகளே அதன் ஆயுள். பல மாதங்கள் மின்னேற்றாமல் கிடந்திருந்தால் அது பயனற்றுப் போயிருக்கும் என்றே கொள்ளலாம்.

திரை இருண்டே கிடந்தால்

இணைப்புகளைப் பொருத்துவது எளிது. இவ்வகைக் கணினிகளில் வாய்களுக்கு நிறம் தரப்பட்டுள்ளது. வட்டமான ஊதா வாய் விசைப்பலகைக்கு, பச்சை வட்டம் சுட்டிக்கு, 15 ஊசிகள் கொண்ட நீலம் திரைக்கு, சிறிய பச்சைத் துளை ஒலிபெருக்கிக்கு, இளஞ்சிவப்பு ஒலிவாங்கிக்கு. வட்ட வடிவப் பழைய செருகிகளைக் கணினி அணைந்திருக்கும்போது மட்டுமே பொருத்த வேண்டும். ஊசிகள் மெல்லியவை, திசை பார்த்துச் செருகாவிடின் வளைந்துவிடும்.

இயக்கியதும் மின்விசிறி சுழல்கிறது. திரையில் ஒன்றும் வரவில்லை. மிகுதியாகக் காணப்படும் குறை இதுவே. முதலில் திரையின் விளக்கைக் கவனிக்க வேண்டும். அது மஞ்சளாக நின்றாலோ விட்டுவிட்டு எரிந்தாலோ, திரைக்கு மின்சாரம் வருகிறது, கணினியிடமிருந்து படச்செய்தி வரவில்லை என்று பொருள். சில கணினிகளில் பின்புறம் இரண்டு நீல வாய்கள் இருக்கும். ஒன்று தாய்ப்பலகையினுடையது, மற்றொன்று தனியே பொருத்தப்பட்ட கிராபிக்ஸ் அட்டையினுடையது. தனி அட்டை இருக்குமானால் கேபிள் அதில்தான் செருகப்பட வேண்டும். இதைச் சரிபார்க்காமலே கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடியவர்கள் உண்டு.

கேபிள் சரியாக இருந்தும் திரை இருண்டிருந்தால், அடுத்து ஐயப்பட வேண்டியது ரேம் எனப்படும் நினைவகப் பட்டை. கணினி மீண்டும் மீண்டும் ‘பீப்’ என ஒலிப்பது பல நேரங்களில் இதன் அறிகுறியே. அந்த ஒலிகளின் எண்ணிக்கைக்குரிய பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பெட்டிக்குள் சிறு ஒலிப்பான் பொருத்தப்படாத கணினி ஒலிக்கவே ஒலிக்காது. மும்பை, கொச்சி, சென்னை போன்ற கடலோர நகரங்களில் ஈரக்காற்றால் பட்டையின் பொன்னிறத் தொடுமுனைகளில் படலம் படிந்து தொடர்பு விட்டுப்போவது வழக்கம். மின்கம்பியைச் சுவரிலிருந்து எடுத்து, இயக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்கி, பெட்டியின் வெற்று உலோகத்தை ஒருமுறை தொட்டபின் இரு பக்கப் பிடிப்புகளையும் விலக்கினால் பட்டை மேலெழும். பள்ளி மாணவர் பயன்படுத்தும் அழிப்பானால் தொடுமுனைகளை மெல்லத் தேய்த்து, துகள்களைத் தள்ளி உதறிவிட்டு, ‘கிளிக்’ என்ற ஓசை கேட்கும்வரை திரும்பப் பொருத்த வேண்டும். இரண்டு பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தால் பழுதானது எதுவெனத் தெரிந்துவிடும். ரிச்சி தெருவிலும் நேரு பிளேஸிலும் லேமிங்டன் சாலையிலும் பழுது பார்ப்போர் முதலில் செய்வதும் இதுவே.

கடிகாரம் பிழைத்தால் வங்கித்தளமும் திறவாது

கணினி இயங்கிவிட்டது. இணைய இணைப்பும் கிடைத்துவிட்டது. ஆனால் வங்கியின் இணையதளத்தைத் திறந்தால் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதன்று’ என்று உலாவி எச்சரிக்கிறது. வங்கியின் தளத்தில்தான் கோளாறு என்று வாடிக்கையாளர் கருதுகிறார். உண்மையான காரணம் பெரும்பாலும் தாய்ப்பலகையில் ஒட்டிக்கிடக்கும் ஒரு வில்லை மின்கலம்.

கணினி அணைந்திருக்கும்போதும் அதன் கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பது சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட்டு மின்கலத்தால். அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை மின்சாரம் நிறுத்தப்பட்டு வரும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். வங்கித்தளம் தன்னை மெய்ப்பிக்க ஒரு மின்னணுச் சான்றிதழைக் காட்டுகிறது. அச்சான்றிதழ் இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை செல்லும் என்று வரையறுக்கப்பட்டது. கணினியின் கடிகாரம் 2012 என்று காட்டுமானால், அச்சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று உலாவி முடிவு செய்து வாயிலை அடைத்துவிடுகிறது. உலாவி தன் கடமையைச் சரியாகவே செய்கிறது.

இந்த இடத்தில்தான் ஆபத்து நுழைகிறது. எச்சரிக்கைக்குக் கீழே ‘இருப்பினும் தொடர்க’ என்றொரு வழி இருக்கும். நாள்தோறும் எச்சரிக்கையைக் கண்டு சலித்தவர், அதை அழுத்தி உள்ளே செல்லப் பழகிவிடுகிறார். போலித்தளம் ஒன்று அதே எச்சரிக்கையுடன் முன்வரும் நாளிலும் அவர் கை தானே அங்கே சென்றுவிடும். ஆகவே எச்சரிக்கை தோன்றினால் முதலில் திரையின் மூலையில் உள்ள தேதியையும் ஆண்டையும் நோக்குக. தவறாயிருந்தால் திருத்துக. தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை நீங்கவில்லையெனில் அந்தக் கணினியில் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டா.

மின்கலம் மாற்றுவது கடினமன்று. விலையும் ஒருவேளைச் சிற்றுண்டிச் செலவுதான். மாற்றும் முன் கணினியைத் தொடங்கும்போது தோன்றும் பயாஸ் அமைப்புப் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்க. மின்கலத்தை எடுத்தவுடன் அவ்வமைப்புகள் தொடக்கநிலைக்குத் திரும்பிவிடக்கூடும். குறிப்பாக வன்தட்டை எம்முறையில் படிக்க வேண்டும் என்ற அமைப்பு மாறிவிட்டால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் பாதியில் நின்றுவிடும். படத்தைப் பார்த்துப் பழையபடி அமைத்தால் சரியாகிவிடும். ‘கூட்டல்’ குறி மேல்நோக்கி இருக்குமாறு புதிய மின்கலத்தை இடுக. கழற்றிய வில்லையை உடனே அகற்றிவிட வேண்டும். குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும் பொருள் அது.

கடைக்காரர்களுக்கு இதில் இன்னொரு இடரும் உண்டு. பில் போடும் மென்பொருள்கள் பல கணினியின் தேதியையே எடுத்துக்கொள்கின்றன. காலையில் மின்வெட்டு ஏற்பட்டுத் தேதி பின்னே போயிருந்தால் அன்றைய விற்பனை முழுவதும் வேறோர் ஆண்டின் கணக்கில் ஏறிவிடும்.

வன்தட்டில் இருப்பதை முதலில் படியெடுக்கவும்

பழைய கணினி திறந்துகொண்ட அன்றே செய்ய வேண்டிய வேலை, அதிலுள்ளவற்றை வெளிப்புற வன்தட்டில் படியெடுப்பதுதான். வேகத்தைக் கூட்டுவதும் வேறு மென்பொருள் ஏற்றுவதும் அதன் பின்னரே. சுழலும் தட்டு கொண்ட பழைய வன்தட்டு எச்சரித்துவிட்டுப் பழுதாகும் என்று சொல்வதற்கில்லை. ‘டக், டக்’ என்ற ஓசை சீராகக் கேட்கத் தொடங்கினால் கணினியைத் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்ப்பது எஞ்சியிருப்பதையும் அழித்துவிடும். அந்நிலையில் அணைத்துவிட்டு, உள்ளிருக்கும் பத்திரங்கள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதைப் பொறுத்துத் தரவு மீட்பவரை நாடலாம். ஓசை இல்லை, ஆனால் வன்தட்டைக் கணினி காணவில்லை என்றால், முதலில் அதன் சிறிய தட்டைக் கேபிளை மாற்றிப் பார்க்கவும். கணினியே இயங்காவிட்டாலும் வன்தட்டு நலமாக இருக்கக்கூடும். அதைக் கழற்றி, யூ.எஸ்.பி. வழியே இணைக்கும் உறையில் இட்டு வேறொரு கணினியில் படிக்கலாம்.

படியெடுக்கும்போது எழுத்துருக்களை மறந்துவிடக் கூடாது. ஒருங்குறி பரவுவதற்கு முன் பலர் பாமினி போன்ற எழுத்துருக்களில் கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் தட்டச்சு செய்து வைத்திருந்தனர். அந்த எழுத்துரு இல்லாத புதிய கணினியில் அக்கோப்புகள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். ஆகையால் பழைய கணினியின் எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்தே படியெடுக்க வேண்டும். ஒருங்குறிக்கு மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் உண்டு. ஆனால் சொத்து விவரமும் கணக்கு எண்ணும் அடங்கிய ஆவணத்தை அறியாத தளத்தில் ஒட்டி மாற்றுவது தகாது.

படியெடுத்தபின், செலவு செய்ய ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், எஸ்.எஸ்.டி. எனப்படும் அசையாப் பாகத் தட்டையே சொல்லலாம். பத்தாண்டுக் கணினி தொடங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் நிமிடங்கள் இதனால் நொடிகளாகச் சுருங்கும். 4 ஜி.பி. ரேமை 8 ஆக்குவது அடுத்தது. இவ்விரண்டுக்கும் மேல் பழைய கணினியில் பணம் போடுவது வீண்.

எந்த இயங்குதளத்தில் பணத்தைக் கையாளலாம்?

இக்கட்டுரையின் இரண்டாவது கேள்விக்கு இப்போது வருவோம். விண்டோஸ் எக்ஸ்.பி.-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7-க்கானவை 2020 ஜனவரி 14 அன்றும் நின்றுபோயின. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தனியே பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் அதன்பின் சிறிது காலம் நீட்டிப்பு அளிக்கப்பட்டது. குரோம் உலாவியோ 2023 தொடக்கத்தில் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. அதில் ஓடும் கடைசிப் பதிப்பு 109. இவற்றின் பொருள், இத்தேதிகளுக்குப்பின் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாமலே இருக்கும் என்பதாகும். நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் ஒன்றை ஏற்றிவிட்டால் போதும் என்று கடையில் சொல்வார்கள். அடித்தளத்தில் உள்ள ஓட்டையை அது அடைப்பதில்லை.

எனவே திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தில் இணையவழி வங்கிச் சேவையைப் பயன்படுத்த வேண்டா என்பதே திட்டவட்டமான விடை. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஒப்பீட்டளவில் புதிய செயலியும் வேண்டுமாகையால் 2015-ஐ ஒட்டி வாங்கிய கணினிகள் அதற்குத் தகுதி பெறா. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்பவர்கள் பெரும்பாலும் உரிமமற்ற படியையே ஏற்றுகிறார்கள். அதனுடன் வேறென்ன வருகிறது என்பதை அறிய வழியில்லை.

எஞ்சும் வழி லினக்ஸ். கட்டணம் இல்லை, பழைய கணினியில் இலகுவாக ஓடும், பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும். லினக்ஸ் மின்ட் புதியவர்களுக்குப் பழக எளிது. இந்திய மொழிகளுக்காக சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் உண்டு. உலாவி வழியே வங்கிப்பணி செய்யவும் கடிதம் எழுதவும் இவை போதும். டாலி போன்ற கணக்கு மென்பொருள் விண்டோஸிலேயே ஓடக்கூடியது. அதற்காகப் பழைய விண்டோஸை வைத்துக்கொள்ள நேர்ந்தால், இணையக் கேபிளைக் கழற்றிவிட்டுக் கணக்கு எழுதுவதற்கு மட்டும் அக்கணினியைப் பயன்படுத்தி, பணப் பரிமாற்றத்தை வேறு கருவியில் வைத்துக்கொள்வது தக்கது. வரித்தாக்கலுக்கான மின்கையொப்பக் குச்சி, விரல்ரேகைக் கருவி போன்றவை லினக்ஸில் இயங்குமா என்பதை மாற்றும் முன்பே தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜீவன் பிரமாண் வாழ்வுச் சான்று மட்டுமே தேவையெனில், கைப்பேசியில் முகம் காட்டி அளிக்கும் முறை இருப்பதால் விரல்ரேகைக் கருவியுடன் போராடத் தேவையில்லை.

அச்சுப்பொறியைத் தேடப்போய்

அச்சுப்பொறியில் உள்ள குறைகள் பலவும் சிறியவை. மைதெளிப்பு வகையில் வாரம் ஒரு வண்ணப்பக்கம் அச்சிடாவிட்டால் மைத்துளைகள் உலர்ந்து அடைபடும். லேசர் வகையை யூ.பி.எஸ்.-உடன் இணைக்கக் கூடாது; அதன் சூடேற்றும் பாகம் இழுக்கும் மின்சாரத்தைச் சிறு யூ.பி.எஸ். தாங்காது. மழைக்காலத்தில் தாள் சிக்குவதற்குப் பெரும்பாலும் ஈரம் ஏறிய தாளே காரணம். எதுவும் அச்சாகவில்லையெனில், வரிசையில் முன்னே நிற்கும் ஒரு கோப்பு பின்னாலிருப்பவற்றைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். வரிசையை நீக்கிவிட்டு மீண்டும் அனுப்பவும்.

பெரிய இழப்பு நேர்வது வேறிடத்தில். பழைய அச்சுப்பொறிக்குரிய டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள் இல்லையென்று தேடுபொறியில் தேடுகிறோம். தயாரிப்பாளரின் பெயரையும் சின்னத்தையும் தாங்கிய போலித்தளங்கள் விளம்பரமாக முதலில் வந்து நிற்கும். அதில் ‘பதிவிறக்கு’ என்று அழுத்தினால், சற்று நேரம் ஏதோ ஓடுவதுபோல் காட்டிவிட்டு, ‘பிழை நேர்ந்தது, இந்த உதவி எண்ணை அழைக்கவும்’ என்று கூறும். அழைத்தால் மிகப் பணிவாகப் பேசுவார்கள். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றை ஏற்றச் சொல்வார்கள். அதில் தோன்றும் எண்ணைக் கேட்பார்கள். சிறு கட்டணம் செலுத்துமாறு கூறி, நீங்கள் வங்கித்தளத்தைத் திறக்கும்போது உங்கள் திரையை அவர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அச்சுப்பொறிக்காகத் தொடங்கிய பேச்சு சேமிப்புக் கணக்கில் முடியும்.

தயாரிப்பாளரின் முகவரியை அச்சுப்பொறியின் கையேட்டிலிருந்தோ பெட்டியிலிருந்தோ பார்த்து உலாவியில் நேரே தட்டச்சு செய்க. அறியாத எவருக்கும் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் அனுமதியைத் தர வேண்டா. வங்கி ஒருபோதும் அதைக் கேட்பதில்லை. ஏற்கெனவே தந்துவிட்டால், முதலில் இணையக் கேபிளைப் பிடுங்குக. வேறொரு தொலைபேசியிலிருந்து, பாஸ்புக்கிலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்டுள்ள எண்ணில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்க. அடுத்து 1930 என்ற தேசிய இணையக்குற்ற உதவி எண்ணில் முறையிடுக. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்து மறைவதற்குள் தடுக்க வேண்டியிருப்பதால் இதில் நிமிடங்கள் கணக்கில் வருகின்றன. கடவுச்சொல்லை அதே கணினியில் மாற்ற வேண்டா.

கைமாற்றும் முன்

இத்தனைக்கும் பின் பழைய கணினி தேவையில்லை என்று முடிவு செய்தால், அதை விற்பதற்கோ கொடுப்பதற்கோ முன் வன்தட்டைக் கவனிக்க வேண்டும். கோப்பை அழிப்பதும் குப்பைத்தொட்டியைக் காலி செய்வதும் பொருளடக்கத்திலிருந்து பெயரை நீக்குவதற்கு ஒப்பாகும். பக்கங்கள் அப்படியே இருக்கும். ‘விரைவு’ வகையில் வடிவமைப்பதும் அத்தகையதே. விண்டோஸ் விஸ்டாவும் அதற்குப் பின் வந்தவையும் முழுமையான வடிவமைப்பின்போது தட்டு முழுவதும் சுழியத்தை எழுதுகின்றன. பல மணி நேரம் ஆகும். ஆயினும் வீட்டுப் பயனுக்கு அது போதும். எஸ்.எஸ்.டி. வகைக்கு அதன் தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கருவியையே பயன்படுத்த வேண்டும். பழுதாகி இயங்காத வன்தட்டைக் கணினியுடன் சேர்த்துக் கொடுக்காமல் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சியவற்றைத் தெருவில் வரும் பழைய பொருள் வணிகரிடம் எடைக்குப் போடுவது நம்மிடையே வழக்கம். செம்பு எடுப்பதற்காகக் கேபிள்களைத் திறந்த வெளியில் எரிப்பது அதன் அடுத்த கட்டம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் இவற்றைச் சேர்ப்பதற்கு வழிசெய்கின்றன. யூ.பி.எஸ். மின்கலத்தைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். வணிகக் கணக்கில் சொத்தாகக் காட்டப்பட்ட கணினியாக இருந்தால், வரிசை எண்ணைக் குறிப்பிட்டு ஒப்படைத்ததற்கான ரசீதைப் பெற்றுத் தணிக்கையாளருக்காகக் கோப்பில் வைக்கவும்.